இருபத்தோராம் நாள் தண்ணீர்

உங்கள் வீட்டில் கோதுமை இருக்கிறதா? மாவாக அல்ல, மணியாக. இருந்தால் ஒரே ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள்.

மணியின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஒரு முனையில் மெல்லிய மயிர்க்குச்சம். மறுமுனையில், முதுகுப் பக்கமாக, சற்றே சுருங்கிய ஒரு சிறு புள்ளி தெரிகிறதல்லவா? அங்கேதான் முளைக்கரு உறங்குகிறது. மணியின் எடையில் அது நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இராது. மீதியில் பெரும்பகுதி, அந்தக் கரு விழித்தெழும்போது உண்பதற்காகத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை. நாம் அந்த மூட்டையைப் பறித்து, அரைத்து, சப்பாத்தி சுட்டுக் கொள்கிறோம்!

இந்தியாவில் 1964-65ஆம் ஆண்டில் விளைந்த கோதுமை சுமார் 1 கோடியே 23 லட்சம் டன். மூன்றே ஆண்டுகளில், 1967-68இல், அது 1 கோடியே 65 லட்சம் டன் ஆயிற்று. இப்போது ஆண்டுக்கு 11 கோடி டன்னையும் தாண்டிவிட்டது. இது எப்படி நடந்தது என்று கேட்டால், "புதிய விதைகள் வந்தன" என்று நீங்கள் உடனே பதில் சொல்வீர்கள். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அது சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். அதே புதிய விதையைப் பழைய முறையில் விதைத்து, பழைய நாளில் நீர் பாய்ச்சியிருந்தால், அது பழைய விதையைவிட மோசமாகக்கூட விளைந்திருக்கலாம். மற்றப் பாதி, சில சென்டிமீட்டர்களிலும் சில நாட்களிலும் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குட்டைச் செடியும் ஐந்து சென்டிமீட்டரும்

வட இந்தியாவின் பழைய கோதுமை ரகங்கள் நெட்டையானவை. ஒரு பள்ளிச் சிறுவனின் தோள் உயரத்துக்கு வளரும். உரம் குறைவாக இருந்தவரை இதில் தொல்லையில்லை. தழைச்சத்தை அதிகமாகப் போட்டால்தான் வினை வந்தது. கதிர் கனத்தது, மெலிந்து நீண்ட தண்டால் அதைத் தாங்க முடியவில்லை, ஒரு காற்றடித்தால் பயிர் முழுவதும் தரையில் சாய்ந்தது. நம் ஊரில் முற்றிய நெற்பயிர் மழையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துயரம் புரியும்.

இதற்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே 1935இல் வெளியான 'நோரின் 10' என்ற கோதுமை, குட்டையாகவும் உறுதியாகவும் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது அமெரிக்கா சென்று, அங்கிருந்து மெக்சிகோவில் பணியாற்றிய நார்மன் போர்லாக்கின் கைக்கு வந்தது. அவர் அதன் குட்டைத் தன்மையைத் தம் ரகங்களில் சேர்த்தார். 1966இல் மட்டும் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைக் கப்பலில் வரவழைத்தது. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இம்முயற்சிக்கு முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன்.

குட்டைச் செடி ஏன் குட்டையாக இருக்கிறது? செடிகளுக்குள் ஜிப்ரலின் என்ற ஒரு ஹார்மோன் இருக்கிறது. 'நீள், நீள்' என்று உயிரணுக்களுக்கு அது ஆணையிடும். நோரின் கோதுமையின் மரபணு, செடியை அந்த ஆணைக்குச் செவிடாக்கிவிடுகிறது. ஹார்மோன் இருக்கிறது, ஆனால் தண்டு அதற்கு முழுமையாகப் பணிவதில்லை. எனவே கணுக்களுக்கு இடைப்பட்ட தூரம் குறைகிறது. செடி குட்டையாகவும் நிமிர்ந்தும் நிற்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். செவிடானது தண்டு மட்டுமல்ல. கோதுமை முளைக்கும்போது, முதல் இலை நேரடியாக மண்ணைத் துளைத்து வருவதில்லை. ஒரு மெல்லிய குழல் போன்ற முளைக்குருத்து உறை அதைப் பொதிந்துகொண்டு மேலே வருகிறது. தரைக்கு மேல் வெளிச்சம் பட்டதும் உறை நின்றுவிடும்; அதன் நுனியைப் பிளந்துகொண்டு இலை வெளிவரும். நெட்டை ரகங்களில் இந்த உறை 8, 10 சென்டிமீட்டர்கூட நீளும். குட்டை ரகங்களிலோ ஐந்தாறு சென்டிமீட்டரோடு நின்றுபோகும், அதே மரபணுவின் காரணமாக!

மேல்மண் காய்ந்திருந்தால் ஈரம் தட்டும்வரை ஆழமாக விதையை இறக்குவது பழைய வழக்கம். நெட்டைக் கோதுமை அதைத் தாங்கியது. குட்டைக் கோதுமையை அப்படிப் போட்டால் உறை பாதி வழியில் நின்றுவிடும். இலை மண்ணுக்குள்ளேயே வெளிப்பட்டு, வழி தெரியாமல் மடிந்து சுருண்டு, வெளிச்சம் காணாமலே மடியும். முளைத்து வரும் ஒன்றிரண்டும் நோஞ்சானாக இருக்கும். ஆகவே புதிய விதையோடு, 'சுமார் ஐந்து சென்டிமீட்டருக்குமேல் ஆழம் வேண்டாம். விதைக்கும் முன் நிலத்துக்கு நீர் பாய்ச்சி ஈரப்படுத்திக்கொள்' என்ற பாடத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. இதைச் சொற்பொழிவால் சாதிக்க முடியாது என்பதால், 1964 முதல் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே தேசியச் செயல்விளக்கத் திட்டம் நடத்தினார்கள். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்ததைவிட நல்ல பாடப் புத்தகம் ஏது?

மண்ணுக்குள் ஒரு மகுடம்

விதைத்தாயிற்று, முளைத்தாயிற்று. இனி எப்போது முதல் நீர்?

நம் பக்கத்துத் தோட்டக்கால் விவசாயிகள் விதைத்த மூன்றாம் நாள் விடும் நீரை 'உயிர்த் தண்ணீர்' என்பார்கள். கோதுமைக்கு உயிர்த் தண்ணீர் மூன்றாம் நாளில் அல்ல. மூன்றாவது வாரத்தின் முடிவில். ஏன் அந்த நாள்?

மூன்று வாரமான ஒரு கோதுமைக் கன்றை வேரோடு தோண்டி எடுத்துப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். அடியில் பழைய விதையின் கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஐந்தாறு மெல்லிய வேர்கள் கீழே இறங்கியிருக்கும். இவை விதை வேர்கள். விதைக்கு மேலே வெள்ளை நூல் போன்ற ஒரு சிறு தண்டு. அதற்கும் மேலே, தரைமட்டத்துக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே, ஒரு சிறு முடிச்சு. விதையை எந்த ஆழத்தில் போட்டாலும் செடி இந்த முடிச்சை ஏறக்குறைய அதே இடத்தில்தான் அமைத்துக்கொள்கிறது. இதற்கு மகுடம் என்று பெயர். செடியின் நிரந்தர வேர்கள், தடித்து உறுதியாகச் செடியைத் தாங்கும் மகுட வேர்கள், இங்கிருந்துதான் புறப்படுகின்றன. பக்கத் தூர்கள் வெடிப்பதும் இங்கிருந்துதான்.

இப்போது சற்று யோசியுங்கள். மகுடம் இருப்பது தரைக்குச் சற்றே கீழே. வயலில் முதலில் காய்வது எந்த மண்? அதே மேல்மண்தான்! அடியில் ஈரம் இருக்கிறது. விதை வேர்கள் அதை உறிஞ்சிச் செடியைப் பச்சையாக வைத்திருக்கின்றன. வரப்பில் நிற்பவருக்குப் பயிர் செழிப்பாகவே தெரியும். ஆனால் மகுடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் புது வேர்முனை காய்ந்த மண்ணில் முட்டி நின்றுவிடுகிறது. வேர் நின்றால் தூரும் நிற்கும். நான்கைந்து கதிர் தாங்க வேண்டிய செடி ஒன்றிரண்டோடு முடிந்துவிடும். பிறகு மூன்று முறை நீர் பாய்ச்சினாலும் தவறிய தூரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதனால்தான் வட இந்திய உழவியல் கையேடுகளில் ஒரு விதி தடித்த எழுத்தில் இருக்கும். கோதுமைக்கு ஆறு முறை பாய்ச்ச நீர் இருந்தால் மகுட வேர்ப் பருவம், தூர் கட்டும் பருவம், கணு விடும் பருவம், பூக்கும் பருவம், பால் பிடிக்கும் பருவம், மணி முற்றத் தொடங்கும் பருவம் என்று பிரித்துக் கொடு. ஒரே ஒரு முறைக்குத்தான் நீர் உண்டென்றால்? அதை மகுட வேருக்குக் கொடு. விதைத்த இருபத்தோராம் நாள்.

முந்திக்கொண்டு பத்தாம் நாளே பாய்ச்சினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கெடுதல்தான். குழந்தைக் கன்றின் வேர் மூச்சுவிட மண்துளைகளில் காற்று வேண்டும். நீர் தேங்கினால் இலைகள் மஞ்சளாகிப் பயிர் ஏங்கிப்போகும்.

அப்படியானால் 21 என்ற எண்ணில் ஏதோ மந்திரம் இருக்கிறதா? இல்லை. செடியிடம் நாட்காட்டி கிடையாது. அது நாட்களை எண்ணுவதில்லை, தனக்குக் கிடைத்த வெப்பத்தை எண்ணுகிறது. மூன்றாம் இலை விரிந்து நான்காவது எட்டிப் பார்க்கும் கட்டத்தில் மகுட வேர் மும்முரமாகப் புறப்படும். வட இந்தியாவின் நவம்பர்க் குளிரில் அதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகிறது. தாமதமாக, கடுங்குளிரில் விதைத்த பயிருக்கு நான்கு வாரம்கூட ஆகும். ஆகவே இருபத்தொன்று என்பது விவசாயியின் வசதிக்காகச் சொன்ன கணக்கு. உண்மைக் கணக்கு இலைகளில் இருக்கிறது. விதியை மனப்பாடம் செய்வதைவிட இதைப் புரிந்துகொள்வதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

உரத்தைப் பற்றி நீட்டவில்லை. ஒன்று மட்டும். மணிச்சத்தை விதைக்கும்போதே விதையின் அருகில் இட்டுவிடுகிறார்கள். அது மண்ணில் அதிகம் நகராது. தழைச்சத்தையோ ஒரேயடியாகக் கொட்டாமல் பாதியை விதைக்கும்போதும், மீதியைப் பெரும்பாலும் அந்த முதல் தண்ணீரை ஒட்டியும் கொடுக்கிறார்கள். புது வேரும் புதுத் தூரும் பசித்திருக்கும் வேளை அதுவல்லவா? அளவு மீறினால் குட்டைக் கோதுமையும் சாயும். மிஞ்சியது நீரோடு நிலத்தடிக்குப் போகும். ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் கலக்கும்.

மார்ச் மாதத்து வெயில்

கோதுமையின் நாடகத்தில் கடைசிக் காட்சி பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கிறது. கதிர் வெளிவந்து, பூத்து, ஒவ்வொரு மணியிலும் பால் கட்டத் தொடங்குகிறது. கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு அடுத்துள்ள கடைசி இலை, வெயிலில் சர்க்கரை தயாரித்து மணிக்கு அனுப்புகிறது. மணிக்குள் நொதிகள் அந்தச் சர்க்கரையை மாவுச்சத்தாக்கி அடுக்குகின்றன. நாம் முதலில் பார்த்தோமே, அந்தச் சோற்று மூட்டை கட்டப்படுவது இப்போதுதான். இதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் வேண்டும். இதமான குளிரும் வேண்டும்.

வெயில் முந்திக்கொண்டால் என்ன நடக்கும்? வெப்பத்தைத்தான் எண்ணுகிறது என்றோமே! வெயில் ஏற ஏற, செடி 'காலம் முடிந்தது' என்று அவசரப்படுகிறது. இலை சீக்கிரம் பழுக்கிறது. ஐந்து வாரத்தில் நிரம்ப வேண்டிய மணி நான்கு வாரத்தில் மூடிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, மாவுச்சத்தை அடுக்கும் நொதிகளில் ஒன்று வெப்பத்தைத் தாங்காத சுபாவம் கொண்டது. 30 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அதன் வேலை தளர்கிறது. சர்க்கரை வந்தாலும் அடுக்க ஆளில்லை. விளைவு, சூம்பிய மணி. நன்றாக விளைந்த கோதுமையில் ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்தால் ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். வெயிலில் வெந்த பயிரில் அது 30 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கதிர்களின் எண்ணிக்கை குறையாது; வயல் பார்க்க அழகாகவே இருக்கும்; மூட்டை மட்டும் குறையும்.

2022ஆம் ஆண்டு இது பெரிய அளவில் நடந்தது. அந்த ஆண்டின் மார்ச் மாதம், 1901 முதல் இந்தியாவில் பதிவான மார்ச் மாதங்களிலேயே அதிக வெப்பமானதாக இருந்தது. நாடு முழுவதற்குமான சராசரிப் பகல் உச்ச வெப்பம் 33 டிகிரியைத் தாண்டியது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மணிகள் சூம்பின. மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

வெயிலை நிறுத்த முடியாது. ஆனால் வெயில் வருமுன் மணியை நிரப்பிவிட முடியும். அதற்கு உரிய நாளில் விதைக்க வேண்டும். பஞ்சாப் பகுதியில் அக்டோபர்க் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை நல்ல காலம். நவம்பர்க் கடைசிக்குப் பின் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் விளைச்சலில் சுமார் நூற்றுக்கு ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஒருவர் இரண்டு வாரம் தாமதித்தால், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு விளைச்சல் விதைக்கும் முன்னரே போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக முன்னதாக, அக்டோபர்த் தொடக்கத்திலேயே விதைத்தாலோ அப்போதைய சூட்டில் பயிர் அவசரமாக வளர்ந்து, போதிய தூர் கட்டாமல், ஜனவரிப் பனியில் கதிரை நீட்டி நிற்கும். இரு பக்கமும் சுவர். நடுவில் ஒரு சிறு வாசல்.

இரண்டு பயிர்களுக்கு நடுவே

'அப்படியானால் எல்லாரும் நவம்பர்த் தொடக்கத்தில் விதைத்துவிட வேண்டியதுதானே?' என்று கேட்பது எளிது. வயலில் அப்போது என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நெல் நிற்கிறது!

நிலத்தடி நீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்ததால் பஞ்சாப் அரசு 2009இல் ஒரு சட்டம் செய்தது. கோடையின் உச்சத்தில் நட்டால் வயல் நீர் வீணாக ஆவியாகும் என்பதால் ஜூன் 10ஆம் தேதிக்கு முன் நெல் நடவு கூடாது என்றது. பின்னர் அந்தத் தேதி முன்னும் பின்னுமாக மாற்றப்பட்டது. நீரைக் காக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல்லை அறுத்து முடிப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் நடுவே சிலருக்கு இருபது நாள்கூட மிஞ்சுவதில்லை. அறுவடை இயந்திரம் போன வயலில் முழங்கால் உயரத் தாளும், மேலே சிதறிய வைக்கோலும் கிடக்கும். அதை அள்ளக் கூலியும் நேரமும் வேண்டும். ஒரு தீக்குச்சி போதும், ஒரு பிற்பகலில் வேலை முடியும். அதனால்தான் தீ வைத்தார்கள். அக்டோபர், நவம்பரில் வட இந்திய நகரங்களை மூடும் புகையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஒவ்வொரு டன் வைக்கோலிலும் உள்ள ஐந்தரைக் கிலோ அளவு தழைச்சத்தும் பெரும்பாலும் புகையாகப் போகிறது. அந்த விவசாயியை வில்லனாக்கிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீருக்காகப் போட்ட விதியும், வெயிலுக்காகப் பார்க்க வேண்டிய தேதியும் அவரை இரு பக்கமும் நெருக்குகின்றன.

இந்த நெருக்கடிக்கு உழவியல் கண்ட விடை வியப்பானது. உழாதே! நெல் அறுத்த மண்ணைப் பல முறை உழுது பரம்படித்து, பிறகு விதைப்பதற்குப் பதிலாக, உழாத நிலத்தில் ஒரு விதைப்புக் கருவி சிறு கீறல் கீறி, விதையையும் உரத்தையும் ஒன்றாக இறக்கிப் போய்விடுகிறது. வாரக் கணக்கு நேரமும் டீசலும் மிச்சம். இதற்கு ஹரியானாவில் எதிர்பாராத ஒரு கூட்டாளி கிடைத்தது, ஒரு களை! 'குல்லி டண்டா' என்று அங்கே அழைக்கப்படும் அந்தப் புல், கன்றாக இருக்கும்போது கோதுமையைப் போலவே இருந்து ஏமாற்றும். ஐசோபுரோட்டூரான் என்ற களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் தெளித்ததில், 1990களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்கே அது சாகாமல் போயிற்று. சிலர் பயிரையே கால்நடைத் தீவனமாக அறுத்துப் போடும் நிலை. உழாமல் விதைத்த வயல்களிலோ களை குறைவாக முளைத்தது. புதைந்து கிடந்த அதன் விதைகளை உழுது மேலே கொண்டுவராததும், களை முளைக்க உகந்த குளிர் வருமுன் கோதுமை முந்திக்கொண்டதும் காரணங்கள்.

ஆனால் சிதறிய வைக்கோலில் அந்தக் கருவி சிக்கிக்கொண்டது. 2000க்குப் பின் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 'ஹாப்பி சீடர்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். அது வைக்கோலை வெட்டி ஒதுக்கி, விதையை இறக்கி, வெட்டிய வைக்கோலையே விதை வரிசைகளின் மேல் போர்வையாகப் பரப்பிச் செல்கிறது. போர்வைக்கு அடியில் ஈரம் நிற்கிறது, களை குறைகிறது, மார்ச் வெயிலில் மண் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. குறை இல்லாமலில்லை. வலுவான டிராக்டர் வேண்டும். காலைப் பனியில் நனைந்த வைக்கோலில் ஓடாது. வைக்கோலுக்குள் எலியும் புழுவும் குடியேறலாம்.

மார்ச்சில் திடீரென வெயில் ஏறினால் கடைசியாகக் கையில் இருப்பது இலேசான ஒரு பாய்ச்சல். மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? வேரில் ஈரம் இருந்தால் இலைகளும் அதேபோல நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர்வித்துக்கொள்ளும். ஆனால் காற்றில்லாத வேளை பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஈரமண்ணில் நிற்கும் கதிர் கனத்த பயிர் காற்றில் சாய்ந்தால், காப்பாற்ற வந்த தண்ணீரே கெடுத்ததாகிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

கையில் வைத்திருக்கும் மணி இன்னும் இருக்கிறதா? இன்னும் முப்பது மணிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக் கோதுமை எல்லாம் முளைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் பத்து மணிகளை ஈரத்துணியில் சுற்றி மூன்று நாள் வைத்துச் சோதியுங்கள். ஏழெட்டாவது முளைத்தால் நல்லது.

வாய் அகன்ற இரண்டு கண்ணாடிச் சாடிகளில் மணல் கலந்த மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் 3 சென்டிமீட்டர் ஆழத்திலும், மற்றதில் 9 சென்டிமீட்டர் ஆழத்திலும், கண்ணாடியை ஒட்டினாற்போல் பத்துப் பத்து மணிகளைப் புதையுங்கள். சாடியைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டி, பார்க்கும்போது மட்டும் எடுங்கள். மார்கழி, தை மாதங்களில் செய்வது நல்லது. சூடான மண்ணில் முளைக்குருத்து உறை இன்னும் குட்டையாகிவிடும். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சாடியில் எத்தனை கன்று, எந்த நாளில் வெளிவந்தது என்று குறித்துவையுங்கள். வராதவற்றைத் தோண்டி, உறை எங்கே நின்றது, இலை எப்படி மடிந்திருக்கிறது என்று அளந்து வரைந்துகொள்ளுங்கள்.

பிறகு, பன்னிரண்டாம் நாள் முதல் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு கன்றை மண்ணோடு எடுத்து நீரில் அலசிப் பாருங்கள். அந்த முடிச்சில் முதல் மகுட வேர் வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்க்கும் நாளில், எத்தனை இலைகள் விரிந்திருக்கின்றன? உங்கள் ஊர் வெப்பத்தில் அது எத்தனையாவது நாள்? நிச்சயம் இருபத்தொன்றாக இராது.